உறுதி எழுதுமுன் ஒரு கணக்கு

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்பதைத் தமிழருக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. அதைச் சொல்லாத மேடையும் இல்லை. சொல்லாத பாடப் புத்தகமும் இல்லை. ஆனால், அக்கடமைக்கு மாதம் எவ்வளவு செலவாகும், அச்செலவை எந்தப் பிள்ளை எந்த அளவிற் பொறுப்பது, பொறுக்கத் தவறினால் வழி யாது என்ற கேள்விகளை நாம் மேடையிலும் கேட்பதில்லை, வீட்டிலும் கேட்பதில்லை. பெற்ற வயிற்றுக்குக் கணக்குப் பார்ப்பதா என்று வாயை மூடிக்கொள்கின்றோம். அந்த மௌனத்தின் விலையை இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வயோதிபர் செலுத்திக் கொண்டிருக்கின்றனர்.

காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலே தனி வீடுகள் இருந்த இடமெல்லாம் இன்று தொடர்மாடிகள். அவற்றின் கதவுகளைத் தட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பவர் பெரும்பாலும் யார்? எழுபது, எண்பது வயதைக் கடந்த கணவனும் மனைவியும்; அல்லது இருவரில் எஞ்சிய ஒருவர். 1983 யூலைக்குப் பின்னர் பிள்ளைகள் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சிட்னிக்கும் போயினர். 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது ஊரில் எஞ்சியிருந்த பெற்றோரையும் பலர் கொழும்புக்கு எடுப்பித்தனர். உரும்பிராயிலும் கோப்பாயிலும் செம்மண் தோட்டத்திற் புகையிலையும் வெங்காயமும் செய்த கமக்காரர், கடலைப் பார்த்த ஒரு சாளரத்தருகே நாற்காலியில் அமர்ந்து விட்டார். கிணறும் வேலியும் அயலும் போயின. மிஞ்சியது தொலைபேசி.

இது ஏதோ நம்மவருக்கு மட்டும் வந்த வினையன்று. 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் இந்நாட்டு மக்களுள் 65 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 7.9 வீதம், 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 12.6 வீதம். நாடே முதுமை அடைந்து வருகின்றது. ஆனால், மற்றையோருக்கு முதுமை மட்டுமே வந்தது. நமக்கு முதுமையும் பிள்ளைகளின் புலப்பெயர்வும் ஒன்றாக வந்தன. அதனாலேயே நம்முடைய கணக்கு வேறு கணக்காகின்றது.

நம் முன்னோர் இக்கணக்கைப் பாராதவர்கள் அல்லர். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுக்க, பன்னிரு முதலியார்கள் பார்வையிட்டுச் சரியென ஒப்பிய தேசவழமைத் தொகுப்பு 1707ஆம் ஆண்டுக்குரியது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். அதிலே சொத்து மூவகை: முதுசொம், சீதனம், தேடியதேட்டம். மகளுக்குச் சீதனம் முன்னரே கொடுபடும். மணமாகாத ஆண்மக்களின் உழைப்புப் பொதுச் சொத்தில் வந்து சேரும். பெற்றோர் விட்டுச்செல்லும் கடனை ஆண்மக்கள் தீர்க்க வேண்டும். இவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். சொத்தும் சுமையும் ஒரே வளவுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. சீதன வீட்டிலே மகள் இருந்தாள். அதே வளவிலோ அடுத்த வளவிலோ தாயும் தகப்பனும் இருந்தனர். ஆகவே, ‘எம்மைப் பார்ப்பாய்’ என்று உறுதியில் எழுத வேண்டிய அவசியம் எழவில்லை. எழுதப்படாத அந்த நிபந்தனையை வேலியும் அயலும் காவல் செய்தன.

இன்று உறுதி மட்டும் எஞ்சியிருக்கின்றது, காவல் போய்விட்டது. மகள் மணமாகிக் கனடாவுக்குப் போகும்போதும் நாம் பழைய வழக்கப்படியே வீட்டையும் காணியையும் தருமசாதன உறுதி முடித்துக் கொடுத்து விடுகின்றோம். மற்றப் பக்கத்திலிருந்து வரவேண்டியது எது என்று எங்கும் எழுதுவதில்லை. ஒரு பக்கத்தார் மட்டும் கையொப்பமிடும் ஒப்பந்தத்தை எந்த வணிகனும் செய்யமாட்டான். பெற்றோர் மட்டுமே செய்வர்.

செலவு என்னவென்று பார்ப்போம். நோய்க்கு அரசாங்க வைத்தியசாலை உண்டு. களுபோவிலையும் கொழும்பு தேசிய வைத்தியசாலையும் கட்டணம் கேட்பதில்லை. இந்நாடு நமக்குச் செய்த நன்மைகளுள் இலவச வைத்தியம் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், முதுமை வேறு, நோய் வேறு. குளிப்பாட்டவும் ஊட்டவும் இரவில் எழுந்து புரட்டிவிடவும் ஓர் ஆள் வேண்டும். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்றால் இரண்டு ஆள் வேண்டும். இதற்கு எந்த வைத்தியசாலையும் வார்டு வைத்திருக்கவில்லை. ஒரு பேச்சுக்காக, எல்லாமாக மாதம் ஓர் இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டில் ஒரு கோடி இருபது இலட்சம். விலையேற்றத்தை நான் இதிற் சேர்க்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நகரின் விலைவாசி, முந்திய ஆண்டோடு ஒப்பிட்டால், நூற்றுக்கு எழுபது வீதமளவு ஏறி நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஓராண்டிலே வங்கியில் வைப்பு வைத்து வட்டியிற் சீவித்த ஓய்வூதியரின் நிலை என்னவாயிற்று என்பதையும் அறிவோம்.

இதற்கு எதிரே நிற்கும் வருமானம் எது? அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறையினருக்கு 1958ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதி உண்டு. அது ஒரே தொகையாகக் கைக்கு வரும், அடுத்த கலியாணத்தோடு கைவிட்டுப் போகும். கமக்காரருக்கென்று 1987இல் ஓர் ஓய்வூதியச் சட்டம் இயற்றினார்கள். அதை நம்பி முதுமையைக் கழித்த கமக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. வறிய முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவை 2025இல் ஐயாயிரம் ரூபாவாக்கினார்கள். ஐயாயிரம் ரூபாவில் ஒரு மாதத்து மருந்தே முடியாது. ஆகவே, பெரும்பாலான தமிழ்க் குடும்பத்தில் முதுமைக்கு இருக்கும் முதல் ஒன்றே ஒன்று: காணியும் வீடும். அந்த ஒன்றையும் அறுபது வயதிலே எழுதிக் கொடுத்துவிட்டு எண்பது வயது வரை வாழ்கின்றோம்.

கொடுத்ததை மீட்கலாகாதா என்று என்னிடம் கேட்போர் பலர். மீட்க முடியாத நன்கொடை என்று உறுதியில் எழுதியிருந்தால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி, பெற்றவர் பெரும் நன்றியீனம் செய்தார் என்பதை நீதிமன்றத்திலே எண்பித்துத்தான் மீட்கலாம். பெற்ற மகனை நன்றி கொன்றவன் என்று கூண்டில் ஏறிச் சொல்லத் துணிந்த தாய்மார் எத்தனை பேர்? துணிந்தாலும் வழக்கு முடியும் வரை உயிரோடிருக்க வேண்டுமே! திருமணத்தை முன்னிட்டு எழுதிய சீதன உறுதியென்றால் மீட்பது அதனினும் அரிது.

ஆகவே, கொடுக்கும்போதே எழுத வேண்டும். தம் சீவிய காலம் வரை அவ்வீட்டில் வசிக்கவும் அதன் வாடகையை எடுக்கவும் சீவிய உரித்தைப் பெற்றோர் தமக்கே ஒதுக்கிக் கொள்ளலாம். இருவருக்கும் ஒதுக்க வேண்டும்; ஒருவருக்கு மட்டும் ஒதுக்கினால் அவர் கண்மூடிய மறுநாள் மற்றவர் விருந்தாளி ஆகிவிடுவார். மீட்கும் உரிமையையும் வெளிப்படையாக எழுதி வைக்கலாம். இன்ன பிள்ளை மாதந்தோறும் இன்ன தொகை தரவேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதலாம். இவற்றை எழுதுவதற்குக் கூடுதல் முத்திரை வேண்டியதில்லை. கூடுதல் வெட்கமின்மை மட்டும் வேண்டும்.

இங்கே என் தொழிலைப் பற்றியும் ஒரு சொல். உறுதி முடிக்கும் நாளில் நொத்தாரிசை அழைத்து வருபவர் மகன். கட்டணம் செலுத்துபவர் மகன். விமானத்துக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்துபவரும் மகன். கையொப்பமிடும் தாய்க்காக அங்கே யார் பேசுகின்றார்? ‘அம்மா, இதன் கருத்து இன்னது, இதற்குப் பின் இந்த வீடு உங்களுடையதன்று’ என்று அவருக்குத் தனியாக எடுத்துச் சொன்னவர் யார்? பெற்றோருக்கென்று வேறு சட்டத்தரணி ஒருவர் இருக்க வேண்டும். மகன் மனம் நோவான் என்பீர்கள். நல்ல மகன் நோகமாட்டான்.

மரண சாசனம் எழுதுவதைப் பற்றி நம்மவரிடையே ஒரு மூடநம்பிக்கையும் இருக்கின்றது: எழுதினால் ஆயுள் குறையுமாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் இருந்தாற் போதும். நொத்தாரிசு இல்லையேல் ஒரே வேளையில் ஐந்து சாட்சிகள். வேண்டும்போது மாற்றலாம். உறுதியைப் போல் அன்று; சாகும் வரை சொத்து எழுதியவரிடமே இருக்கும், விற்கவும் ஈடு வைக்கவும் அவருக்கு உரிமை இருக்கும். முதுமைச் செலவுக்கு இதனினும் நல்ல காப்பு வேறில்லை. இருந்தும் நம்மவர் உறுதிக்கு ஓடுகின்றனர், மரண சாசனத்துக்கு அஞ்சுகின்றனர்.

எழுதாமல் இறந்தால் என்ன நிகழும்? அதைச் சொல்லுமுன் இறந்தவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்று கேட்க வேண்டும். கொழும்பிலே இந்தக் கேள்வி எளிதன்று. தேசவழமை தமிழ் இனம் முழுவதற்கும் உரிய சட்டமன்று, யாழ்ப்பாணப் பகுதியின் குடிகளுக்குரிய வழமை என்று 1910ஆம் ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கின்றது. கொட்டாஞ்சேனையில் வாழும் இந்திய வழித் தமிழ் வணிகருக்கும் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவருக்கும் அது எட்டாது. அவர்களுக்குப் பொதுச் சட்டம். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி, பிள்ளைகளுக்கு மறுபாதி. யாழ்ப்பாணக் குடியாக இருந்தால் கணக்கு மாறும். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்வதன்படி, இறந்தவரின் தேடியதேட்டத்தில் பாதி துணைவருக்குச் சேரும். ஆனால், அவருடைய முதுசொத்தில், பிள்ளைகள் இருக்கும்போது, கைம்பெண்ணுக்குப் பங்கில்லை. தகப்பன் வழி வந்த காணியை விற்று வாங்கிய தொடர்மாடி வீட்டிலே ஐம்பது ஆண்டு கூட வாழ்ந்தவள், சட்டத்தின் கண்ணிலே தன் பிள்ளைகளின் வீட்டில் இருப்பவளாகி விடலாம். பிள்ளைகள் நல்லவர்களாயின் இதை அவள் அறியாமலே போய்விடுவாள். மருமகன்மாரும் மருமகள்மாரும் கூடும் இடத்தில் அதை நம்பியிருக்க முடியுமா?

யாழ்ப்பாணத்துக் குடியா, கொழும்புக் குடியா என்பதே வழக்காவதும் உண்டு. மூன்று தலைமுறையாக வெள்ளவத்தையிற் பிறந்து வளர்ந்தவர், ஊரிலே ஒரு பாழ்வளவும் கோயில் உரிமையும் மட்டும் உடையவர், எங்கே குடி? இருதரப்பும் சாட்சியங்களை அடுக்கலாம். மரண சாசனம் ஒன்று இருந்தால் இந்த ஆராய்ச்சிக்கே பெரும்பாலும் இடமிராது.

இதனோடு சேர்ந்தது இன்னொரு சிக்கல். மூத்த மகன் இலண்டனிலிருந்து பணம் அனுப்ப, தகப்பனின் பெயரிலே வெள்ளவத்தையில் வீடு வாங்குகின்றார்கள். தகப்பன் எழுதாமல் இறக்கின்றார். உறுதியில் இருக்கும் பெயரைக் கொண்டு எல்லாப் பிள்ளைகளும் பங்கு கேட்கின்றனர். ‘என் காசு’ என்கின்றான் மூத்தவன். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தைக் காட்டி அவன் வாதாடலாம். ஆனால் வங்கிக் கடிதங்கள் வேண்டும், அவன் கொடுத்தது வீட்டுக்கா பெற்றோருக்கு அன்பளிப்பாகவா என்பதை எண்பிக்க வேண்டும். இதற்கிடையே, பத்து ஆண்டு வேலையை விட்டுத் தாயைப் பார்த்த கடைசி மகள் ஒருத்தி இருக்கின்றாள். அவள் பணம் அனுப்பவில்லை; ஆகவே எந்தப் பற்றுச்சீட்டும் அவளிடம் இல்லை. சட்டம் அவளுக்கு மற்றவர்களோடு சம பங்கு தரும். அவள் இழந்த சம்பளத்துக்கு ஒன்றும் தராது. குடும்பக் கூட்டத்தில் இவளுடைய பெயரைத்தான் கடைசியாகச் சொல்வார்கள். முதலிற் சொல்ல வேண்டிய பெயர் இதுவென்பது என் கட்சி. பிள்ளைகள் அனைவரும் ஒரு தாளிலே கையொப்பமிட்டு, இன்னார் இவ்வளவு தருவார், பார்ப்பவருக்கு மாதம் இவ்வளவு, கூடுதலாகச் செலவிட்டவருக்கு அது பின்னர் சொத்திலிருந்து முதலிற் கொடுபடும் என்று எழுதி, பெற்றோர் தம் மரண சாசனத்திலும் அதை ஏற்றி வைத்தால், சகோதரர் பேசாதிருக்கும் வீடுகள் பல பேசத் தொடங்கும்.

அற்றோணித் தத்துவம் இருக்கின்றதே, அது போதாதா என்பர் சிலர். போதாது. எழுதிக் கொடுத்தவரின் அறிவு நிலைதவறிய பின் அது வலுவிழக்கும். மறதி நோய் முற்றிய தகப்பனின் பெயரால் காணி விற்க வேண்டுமாயின், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்துக்கே போக வேண்டும். எந்த நேரத்தில் மிகவும் தேவையோ அந்த நேரத்தில் அப்பத்திரம் கைகொடாது.

நம் பெண்களின் நிலை இதனினும் கொடிது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தச் சீதனக் காணியைத் தானே விற்க இயலாது. கணவனின் எழுத்து மூல இசைவு வேண்டும். 1911இல் எழுதிய விதி. எண்பது வயதுக் கணவன் மறதி நோயிற் கிடக்கின்றார். அவரைப் பராமரிக்கவே அவள் தன் கோப்பாய்த் தோட்டத்தை விற்க எண்ணுகின்றாள். அவருக்குத் தன் பெயரே நினைவில்லை. இசைவு எங்ஙனம் எழுதுவார்? கணவன் சித்தம் இழந்தால் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. ஆனால், கணவனைப் படுக்கையில் விட்டுவிட்டு, அவர் சித்தம் இழந்தவர் என்று நீதிமன்றத்திற் சத்தியக் கடதாசி கொடுத்து, தன் தாய் தந்த நிலத்தை விற்க அனுமதி கேட்டு ஒரு மூதாட்டி நிற்பதா? வழமையைக் காப்பது வேறு. வழமையின் பெயரால் 1911இன் கணவனைக் காப்பது வேறு. தமிழர் உரிமை பேசும் நாம் இந்த ஒரு பிரிவை நீக்கக் கேட்டால் தமிழர் தனித்துவம் அழிந்துவிடும் என்று அஞ்சுவோர், தம் தாயாரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

வன்னியிலும் கிழக்கிலும் உள்ள கமக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பெற்ற அனுமதிப்பத்திரக் காணியை மரண சாசனத்தால் எழுதிக் கொடுக்க முடியாது. இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் ஒருவர் எவ்வளவு அழகாக மரண சாசனம் எழுதினாலும் அந்த வயலைப் பொறுத்து அது வெறுந் தாள். பிரதேச செயலகத்திலே பின்னுரித்தாளியை நியமித்துப் பதிவு செய்ய வேண்டும். நியமிக்காது விட்டால் ஆண்மக்களை முன்வைத்த பழைய வரிசை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் மாறியிருக்கின்றது. தம்மைப் பார்க்கும் மகளைப் பின்னுரித்தாளியாக நியமிக்க விரும்பும் தகப்பன், அதைச் சொல்லிக்கொண்டு திண்ணையில் இருந்தாற் போதாது.

இனி அரசியல். முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், 2011இல் திருத்தப்பட்டது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடலாகாது என்று அது விதிக்கின்றது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பித்து, பிள்ளைகளிடமிருந்து மாதாந்தத் தொகை பெறக் கட்டளை கேட்கலாம். நல்ல சட்டம். ஆனால், அது பிள்ளையின் சம்பளத்தைப் பார்க்கின்றது; பெற்றோர் எழுதிக் கொடுத்த வீட்டைப் பார்ப்பதில்லை. கடல் கடந்த மகனிடம் அக்கட்டளையை நிறைவேற்றுவதும் எளிதன்று. அவனுடைய சம்பளம் ரொறன்ரோவில் இருக்கின்றது. ஆனால் அவனுக்குக் கிடைத்த வீடு வெள்ளவத்தையில் இருக்கின்றது. சட்டத்தின் கை எட்டும் இடத்தில் இருப்பது வீடுதான்.

இந்தியாவிலே 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்கு வழி காட்டியிருக்கின்றது. அடிப்படை வசதிகளையும் பராமரிப்பையும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் அந்நிபந்தனையை மீறினால், அக்கொடையை வெறிதானதென்று அறிவிக்கும்படி முதியவர் ஒரு தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். நீண்ட குடியியல் வழக்குத் தேவையில்லை. 2025 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் இப்பிரிவை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொண்டு, மகனுக்குக் கொடுத்த வீட்டைத் தாய்க்கு மீட்டுக் கொடுத்தது. சென்னையிலுள்ள தாய்க்கு இருக்கும் இந்தப் பாதுகாப்புக் கொழும்பிலுள்ள தாய்க்கு ஏன் இருக்கலாகாது?

நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் செய்ய வேண்டிய வேலை இங்கே இருக்கின்றது. காணி, காணி என்று மேடை தோறும் முழங்குகின்றோம், முழங்கத்தான் வேண்டும். அரசு பிடித்த காணியைக் கேட்கும் அதே வாய், உறுதி பிடுங்கிய காணியைப் பற்றியும் பேசட்டும். 2000ஆம் ஆண்டின் சட்டத்திலே இந்தியாவின் 23ஆம் பிரிவைப் போன்றதொரு பிரிவைச் சேர்க்கத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவரலாம். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கணவன் இசைவுப் பிரிவை நீக்க இன்னொன்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தாலே தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆகவே பராமரிப்புச் சபை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும் தமிழிலே அமர்ந்து விசாரிக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதன்று. இம்மூன்றுக்கும் பெரும்பான்மைக் கட்சிகளிடையே எதிர்ப்பு எழக் காரணமில்லை. சிங்களத் தாய்மாருக்கும் இதே குறைதான்.

மசோதா வரும்வரை காத்திருக்க முடியாத வயதினர் பலர். இவ்வாரமே அவர்கள் தம் இரும்புப் பெட்டியைத் திறந்து உறுதிகளை எடுத்துப் பார்க்கட்டும்: எது யார் பெயரில், சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கிறதா, மனைவிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, காணிப் பதிவகத்திற் பதிவாகியிருக்கிறதா? வரும் ஆவணியிலோ தையிலோ பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது, கோயிலுக்கும் புடைவைக் கடைக்கும் போகுமுன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கட்டும்.